தெரியாது என்று சொன்ன மாப்பிள்ளைக்கு

பெரக்கரை நாடு, கொல்லிமலை
9.2.2025

அன்புள்ள மாப்பிள்ளை சிவபிரகாஷ் அவர்களுக்கு,

அத்தை அம்சவேணி எழுதுகிறேன். "ஆபரேஷன் பண்ணியும் ரஞ்சிதாவுக்கு வலி திரும்பிருச்சே, இந்த மாத்திரை மட்டும் என்னங்க அத்தை பண்ணிரும்?" என்று நாமக்கல் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் கேட்டீர்கள். நினைவிருக்கிறதா?

உதாரணம் இல்லாமல் எனக்குப் பேச வராது. கருப்பைக்குள் இருக்க வேண்டிய சதை வெளியிலும் முளைத்திருக்கிறது, டாக்டர் களை பிடுங்குவதுபோல் எடுத்தார், மிஞ்சிய வேர் மழைக்குத் துளிர்க்கும் என்றேன். உடம்பில் ஊறும் ஹார்மோன்தான் அந்த மழை. மாத்திரை அதை அடக்கி வைக்கும், மாதவிலக்கும் நின்றிருக்கும், குழந்தைக்கு முயலும்போது டாக்டரிடம் கேட்டு நிறுத்தலாம் என்றேன். "நம்ம மெளகுக்கொடிப் பக்கம் அந்த மாத்திரைய வெச்சுறாதீங்க" என்று சிரித்தீர்கள். நன்றாகப் புரிந்துதான் சிரித்தீர்கள்.

மூன்று மாதம் என் மகள் வலியில்லாமல் இருந்தாள். மாதாமாதம் மூன்று நாள் ஒதுங்கி உட்காரும் பெண் ஒதுங்கவில்லை என்றால் ஊர் என்ன நினைக்கும்? உங்கள் அம்மா, "எங்க ஊட்டுப் பலா பிஞ்சு வெச்சிருச்சுங்க" என்று உங்கள் குண்டனி நாட்டு ஊர்கள் முழுக்கச் சொல்லிவிட்டார். கோயிலில் பொங்கலும் வைத்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு மாத்திரை பற்றி எதுவும் தெரியாது.

ஓசூரில் வேலையில் இருந்த உங்களுக்கு ரஞ்சிதா போன் செய்தாள். "நான் லீவுல வந்து பக்குவமாச் சொல்லிக்கறேன், நீ வாயத் திறக்காத" என்றீர்கள். வந்தீர்கள். அந்தப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, சொல்லாமலே பஸ் ஏறினீர்கள்.

பிறகு நர்ஸம்மா கர்ப்பம் பதிய வந்தபோது எல்லாம் வெளிப்பட்டது. உங்கள் அம்மா போனில் கேட்டதும், "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, அவ என்னத்தத் தின்னாளோ" என்றீர்களாம். ஸ்பீக்கரில் அதை அவளும் கேட்டாள். மாத்திரைகள் எருக்குழிக்குப் போயின. அவள் என் வீட்டுக்கு வந்தாள்.

இப்போது மாதாமாதம் தலையணையைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள். புது மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், தொடமாட்டேன் என்கிறாள். "அவுங்க உண்மையச் சொல்லாம நான் முழுங்குனா, திருட்டுத்தனமாத் தின்னேன்னு சொன்னது நெசமாயிரும்மா" என்கிறாள். டாக்டரே போனில் சொல்லியும் கேட்கவில்லை. ஆபரேஷன் அறைக்குள் போகும்போது அவள் உங்கள் கையைத்தான் பிடித்திருந்தாள், மாப்பிள்ளை. நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

உங்களைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். அனுப்ப மனம் வரவில்லை. நீங்கள் கெட்டவர் இல்லை. அம்மாவின் முகம் வாடுவதைப் பார்க்கப் பயந்தவர். அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பவள் என் மகள்.

நீங்கள் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கு வாருங்கள். என் வீட்டுக்கு வருமுன் உங்கள் வீட்டுக்குப் போய், அம்மாவை எதிரில் உட்காரவைத்து, டாக்டர் சொன்னதை உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

இப்படிக்கு,
அத்தை அம்சவேணி