பின்பாட்டுக்கு விட்ட இடம்

1936, மாசி. வெள்ளி இரவு.

என் நடவுப் பாட்டு இசைத்தட்டாக வந்துவிட்டது. இன்று சேக்காட்டுக் காப்பிக் கடை கிராமபோனில் போட்டார்கள். தட்டில் ஒரு குறை இருப்பது எனக்குத்தான் தெரியும். பட்டணத்தில் தனியாகப் பாடிப் பதிவு செய்தபோது, வயல் பழக்கத்தில், ஒவ்வொரு அடிக்கும் பின்னால், மற்றவர்கள் வாங்கிப் பாடும் பின்பாட்டுக்காக இடம் விட்டு நிறுத்திவிட்டேன். மறுபடி பாட விடவில்லை, பாட்டைப் பதிகிற மெழுகுத் தட்டு வீணாகுமாம்.

முதல் அடி முடிந்தது. ஊசி வெறுமனே கரகரத்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடை வாசலில் நின்றவர்கள் என்னோடு நாற்று நடுகிற பெண்கள். ஒரே குரலில் அடியை வாங்கிப் பாடினார்கள். தட்டு முடியும்வரை விடவில்லை.

“இன்னாடி அழுவுற? எங்களுக்குன்னு எடம் உட்டுப் பாடிகீற, நாங்க பாட வேணாமா?” என்றாள் முனியம்மா.

அவர்களைக் கும்பிடத் தோன்றியது. பட்டணத்தில் தட்டு வாங்குகிறவர்கள் அந்த இடத்தில் என்ன செய்வார்களோ. அவர்களும் பாடட்டுமே.