டாக்டரிடம் நான் சொன்ன பொய்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று ஒப்புக்கு எழுதவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே நலம். இன்று காலை அம்மா என்னைத் திட்டினாள். உப்புப் போட்டுச் சமைத்தாயா, இல்லை உப்புப் பொட்டலத்தைக் காட்டிவிட்டு இறக்கினாயா என்று கேட்டாள். இரண்டு வருஷமாக எதை வைத்தாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்கும் திட்டினாள்.

போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் கடிதம்.

அம்மாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதாம். மணிக்கு நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் மூளை உலுக்கி எழுப்பியிருக்கிறது, அவளுக்கே தெரியாமல். எட்டு மணி நேரம் படுத்தும் அவள் தூங்கவே இல்லை. மனசு எப்படித் தெம்பாக இருக்கும்? நாம் அப்பா போன துக்கம் என்றோம், வயசுக் கோளாறு என்றோம். தையல் கம்பெனியில் சட்டைகளைச் சரிபார்க்கும் மேஜையில் அவள் தலை சாய்ந்ததை சூப்பர்வைசர் படம் பிடித்து கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். லீவில் போ, தெளிந்தால் வா என்றார்கள். அதே ஆள் மத்தியானம் நாற்காலியில் குறட்டை விட்டால் மட்டும் உழைத்த களைப்பாம்.

இனி எழுதத்தான் கை கூசுகிறது. போன வருஷம் மனநல டாக்டர் முதல் நாளே என்னிடம் கேட்டார், அம்மா குறட்டை விடுவாங்களா என்று. கதவு திறந்திருந்தது, வெளியே எங்களோடு துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி. சேச்சே, அதெல்லாம் இல்லை சார் என்றேன். தெருமுனை வரை கேட்கும் குறட்டை அது. பெண் குறட்டை விட்டால் அசிங்கம் என்று நமக்கு யார் சொல்லித் தந்தது? என் பொய்யை நம்பி டாக்டர் ஒரு வருஷம் மாத்திரைக்கு மேல் மாத்திரை மாற்றினார்.

நாலு மாதம் முன்பு துணி மடித்துக்கொண்டே, நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போகுது என்று அம்மா கேட்டாள். சாதாரணமாகக் கேட்டாள். மறுநாளே ஓடிப்போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

இப்போது மூக்கில் முகமூடி, அதற்கொரு குழாய், காற்றைத் தள்ளும் சின்ன மிஷின். யானை வேஷம் கட்டவா என்னைப் பெத்தாங்க என்று முதல் வாரம் கழற்றி எறிந்தாள். மூன்றாவது வாரம் தானே மாட்டிக்கொண்டாள். பசி வந்தது, கோபம் வந்தது, ஊர்வம்பும் வந்தது. மனச்சோர்வு நன்றாகக் குறைந்திருக்கிறது என்கிறார் டாக்டர். எல்லோருக்கும் இப்படி ஆகாதாம். மாத்திரையை அவர் சொல்லாமல் நிறுத்தக் கூடாதாம். போன திங்கள் வேலைக்குப் போனாள். மருத்துவச் சான்றிதழை சூப்பர்வைசர் மேஜையில் வைத்து, இதையும் குரூப்பில் போடுங்க தம்பி என்றாளாம்.

அடுத்த மாதம் உன் வீட்டுக்கு வர அவளுக்கு ஆசை. கேட்கத் தயங்குகிறாள். உன் பிரசவத்துக்கு வந்தபோது, இந்தக் குறட்டை மாமியார் காதில் விழுந்தால் மானம் போகும் என்று நீ சொன்னாயாம். அந்த ஒரு மாதமும் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேதான் தூங்கினாளாம். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் உன்னைக் குத்திக்காட்டவில்லை. நான் சொன்ன பொய்யும் அதே ரகம்தான்.

நீயே அவளைக் கூப்பிடு அக்கா. பிளக் பாயிண்ட் பக்கத்தில் ஒரு கட்டில் போட்டு வை. அது என்ன மிஷின் என்று உன் மாமியார் கேட்டால், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தங்கை