பொன்னழகு எழுதிய மேகங்கள்

திண்டுக்கல்
12-9-1966

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். இருமல் எப்படி இருக்கிறது? நான் சுகம்.

மாணவிகள் ஒரு மாதமாக எழுதிய மேகக் குறிப்புகளை, வானிலை நிலையம் தபாலில் அனுப்பிய செயற்கைக்கோள் படங்களோடு நேற்று ஒப்பிட்டேன். ரெட்டியார்சத்திரத்துப் பொன்னழகு மட்டும் தினமும் மேகம் என்று எழுதியிருந்தாள். படங்களில் எங்கும் வெறும் வானம். ஏன் என்று கேட்டேன்.

"இல்லன்னு எழுதுனா வராமயே போயிரும்னு ஆத்தா சொல்லுச்சு டீச்சர். கெணறு வத்தி, ரெண்டு மாடும் செத்துப்போச்சு."

திட்டாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

பரணில் கிடக்கும் ரேடியோவைக் கொடுத்தனுப்புங்கள். மாலையில் இங்கே பேச்சுக்குரலே இல்லை.

நீங்களும் ஒவ்வொரு கடிதத்திலும் 'நலம்' என்றே எழுதுகிறீர்கள். இருமலில் ரத்தம் வருவதாகத் தம்பி எழுதியிருக்கிறான். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. உள்ளதை எழுதுங்கள், அப்பா. எழுதாவிட்டால் ரத்தம் நின்றுவிடாது.

மகள்,
சொர்ணலட்சுமி