இரவல் சாட்சி

லஃப்கின், டெக்சாஸ்
7 மார்ச் 1976

அன்புள்ள ஆர்லீட்டா,

நலம்தானே? பாஸ்டன் குளிரில் வேளைக்குச் சாப்பிடாமல் கிடக்காதே.

வியாழக்கிழமை ரேடியோவில் உன் பேச்சைக் கேட்டேன். கருக்கலைப்புக்கு எதிராக நீ பேசுவது எனக்குப் புதிதில்லை. அந்த விஷயத்தில் நானும் உன் பக்கம்தான். "வெள்ளைக்காரன் கட்சி மேடையில இவளுக்கு என்ன வேலை?" என்று நம் கறுப்பு ஜனங்கள் கேட்டபோதெல்லாம் உனக்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு ஒரு கதை சொன்னாய். பதினாறு வயதுப் பெண். மர ஆலைக்குப் பின்னால் கருவைக் கலைத்துவிடுகிறவள் வீடு. அந்த வாசல் கேட் வரை போய், ஜெபம் பண்ணி, திரும்பி வந்தவள். அன்று பிழைத்த குழந்தை இன்று அதே ஊரில் டீச்சர் என்று முடித்தாய். பெயர் சொல்லவில்லைதான். இந்த ஊரில் பெயர் எதற்கு?

என் மகள் பெர்னிஸ் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்மா, அது நான்தானே? என்னை வேணாம்னா போனே?" என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு போனவள் இன்னும் இந்தப் பக்கம் வரவில்லை.

நீ போதகர் வீட்டுப் பெண். கர்த்தர் தன் வாழ்க்கையில் செய்ததற்குச் சாட்சியை அவரவர்தான் சபையில் எழுந்து சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? டாக்டராக, மயக்க மருந்து கொடுக்காமல் யார் மேலும் கத்தி வைக்க மாட்டாயே. எனக்கு மட்டும் ஏனடி இப்படி?

ஜூவல்


பாஸ்டன்
15 மார்ச் 1976

என் ஜூவலுக்கு,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று படித்தேன். கூசிப்போனேன்.

எங்கே போனாலும், இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்த முதல் கறுப்பினப் பெண் என்று என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் யாரும் என்னிடம் நோயாளியை அனுப்புவதில்லை. போன வாரம் ஒரு கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாக்டர் எப்பம்மா வருவாரு?" என்றார். மேடையில்தான் ஜனம் எனக்காகக் காத்திருக்கிறது. உன் கதைக்கு எழுந்தே நிற்கிறார்கள். சாக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாய். ஆமாம், சாக்குதான்.

மன்னித்துவிடு. இனி அதைச் சொல்ல மாட்டேன். இது சத்தியம். பெர்னிஸிடம் நானே பேசட்டுமா?

உன் ஆர்லீட்டா


லஃப்கின்
26 ஏப்ரல் 1976

அன்புள்ள ஆர்லீட்டா,

நீ பேச வேண்டாம். நானே பேசிவிட்டேன்.

நேற்று சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்தேன். பெர்னிஸ் கடைசி பெஞ்சில் இருந்தாள். "நான் கேட்ல திரும்பலை. கதவைத் தட்டினேன். வீட்ல ஆள் இல்லை. மறுநாளும் போய்த் தட்டினேன், அன்னைக்கும் இல்லை. அப்புறம் தைரியம் வரலை. அவ்ளோதான்" என்றேன். முன் பெஞ்சிலிருந்து நம் சபைச் சகோதரி பியூலா "சொல்லும்மா, நல்லாச் சொல்லு" என்றாள்.

ஜெபம் பண்ணித் திரும்பியதெல்லாம் நீயாக நினைத்துக்கொண்டது. நான் திருத்தாமல் விட்டேன், அது என் தப்பு.

வெளியே வந்ததும் பெர்னிஸ், "ரேடியோல வந்த மகராசியை எனக்குத் தெரியாது. கதவைத் தட்டினவதான் எங்கம்மா" என்றாள். வீட்டுக்கு வந்து, என்னோடு சண்டை போட்டுக்கொண்டே கோழி வறுவல் சாப்பிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

உன் வாக்கை மட்டும் காப்பாற்று. வேறெதுவும் வேண்டாம்.

ஜூவல்


கன்சாஸ் சிட்டி
19 ஆகஸ்ட் 1976

ஜூவல்,

ரேடியோவில் வருவதற்கு முன்னால் என் மூலமாகவே உனக்குத் தெரிய வேண்டும். அந்தக் கதையை மறுபடியும் சொல்லிவிட்டேன்.

இங்கே கட்சிக் கூட்டத்துக்கு வேறு பேச்சுதான் தயாரித்திருந்தேன். பாதியில் கூட்டம் இருமத் தொடங்கியது. என்னை அழைத்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். "பதினாறு வயதுப் பெண் ஒருத்தி" என்று ஆரம்பித்துவிட்டேன். நீ கதவைத் தட்டியது தெரிந்தும், கேட்டிலேயே திரும்பினாய் என்றுதான் சொன்னேன். வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லியிருந்தால் யார் எழுந்து நிற்பார்கள்? எழுந்தார்கள். நானும் அழுதேன். அந்த அழுகை நடிப்பில்லை, ஜூவல். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. திட்டியாவது ஒரு வரி எழுது.

ஆர்லீட்டா


லஃப்கின்
2 செப்டம்பர் 1976

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பேச்சையும் நானும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டோம். நன்றாகப் பேசினீர்கள்.

நீங்கள் சொல்லும் அந்தப் பெண் இந்த வீட்டில் இல்லை. இனி அவளுக்கு இந்த விலாசத்தில் கடிதம் போட வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி ஜூவல் ஹாட்லி