நிறுத்தும் பொத்தான்

12.3.1984, வில்லியனூர்
லீவில் வந்து ஆறு நாள். தம்பியின் வளையல் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதிலும் மனம் ஒட்டவில்லை.

14.3.84
பெங்களூர் ஆபீசிலிருந்து கடிதம். மலையோர ஏர்போர்ட்டில் மேகமூட்டத்தில் இறங்குவதற்கான புதிய முறை சரியானதாம். மே மாதம் முதல் அமல். சிமுலேட்டரில் அதை ஓட்டிப் பார்த்த பைலட் அரங்கநாதன் அண்ணனைத்தான் தகுதி போதாது என்று வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். மூன்று ஓட்டமும் ‘பாதியில் நின்றது’ என்று பதிவாம்.

நின்றதா? நான் அல்லவா நிறுத்தினேன்.

15.3.84
உள்ளபடி எழுதிவிடுகிறேன். சிமுலேட்டர் என்பது பைலட் ஏறி ஓட்டிப் பழகும், எங்கேயும் போகாத பெட்டி. ஆனாலும் ஏறும்போதெல்லாம் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்து, "போய்ட்டு வரேம்பா" என்பார். பக்கத்து ஏம்பலத்துக்காரர். புதிய முறைத் தாளில் போட்டபடி இம்மி பிசகாமல்தான் ஓட்டினார். வெளியே, பெட்டியை இயக்கும் என் மேசையில், அவர் போகும் வழியைக் காட்டி வரைபடத்தின் மேல் நகரும் பேனா மலையை நெருங்கியது. என் கை தானாக நிறுத்தும் பொத்தானுக்குப் போய்விட்டது. மூன்று தடவையும். மோதவிட்டிருந்தால் முறை தப்பு என்று அன்றே தெரிந்திருக்கும். பெட்டிக்குள்கூட அவரைச் சாகவிட மனம் வரவில்லை. இனி நிஜமாகவே நூறு பேர் போய் மோதுவார்களே — யா அல்லாஹ், இன்னா காரியம் பண்ணிட்டேன்.

17.3.84
சோறு இறங்கவில்லை. "இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்று நூருன்னிசா கேட்டாள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. கோழை.

20.3.84
ஏம்பலம் போனேன். அண்ணன் கரும்புக் கொல்லையில் காய்ந்த சோகை இலைகளை உரித்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் நின்னு பூடுச்சி. எனக்கு ஓட்டத் தெரியலன்றானுங்க" என்றார்.

"நான்தாண்ணே நிறுத்துனேன்."

உரிப்பதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஏன்டா?"

"போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

கையிலிருந்த சோகையைக் கீழே போட்டுவிட்டுக் கரும்புக்குள் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை.

21.3.84
எல்லாவற்றையும் எழுதி ஆபீசுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

19.4.84, பெங்களூர்
அண்ணனையே கூப்பிட்டு மறுபடி ஓட்டச் சொன்னார்கள். மேசையில் நான். ஏறும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். மூன்று தடவையும் மலையில் மோதினார்.

24.4.84
அந்த முறையை ரத்து செய்துவிட்டார்கள். அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எனக்குப் போயிற்று. பையை எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலில் நின்று, "போறேண்ணே" என்றேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போய்ட்டு வரேன்னு சொல்லுடா."