நான் சொல்லாமல் விடும் வரி

1958 நவம்பர், ஞாயிறு

காலையில் நல்ல மழை. ஆராதனைக்கு ஆறே பேர்தான் வந்திருந்தோம்.

பரமண்டல ஜெபத்தில், பிறரை நாங்கள் மன்னிக்கிறோம் என்று வரும் இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். அம்மா இறந்ததை, அடக்கம் செய்து முடித்த பிறகுதான் தம்பி புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து எனக்குச் சொல்லியனுப்பினான். அன்றிலிருந்து நான்கு வருடமாக இப்படித்தான். மன்னிக்காமல் மன்னித்தேன் என்று கர்த்தரிடம் பொய் சொல்ல முடியாது. கூட்டத்தில் இது யாருக்கும் தெரிந்ததில்லை. இன்று தெரிந்துவிட்டது.

வாசலில் குடையை விரிக்கும்போது, பின் பெஞ்சில் உட்காரும் எஸ்தர் அம்மா கேட்டார்கள். "என்னண்ணே, நடுவுல உங்க சத்தத்தையே காணோம்?"

"தொண்டை கட்டிக்கிச்சு."

"இந்த மழைக்கு அப்படித்தான் லா."

சாயங்காலம் சிராங்கூன் ரோட்டிலிருந்து நனைந்துகொண்டே வந்து, ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பி கொடுத்துவிட்டுப் போனார்கள். மனைவி இறந்துபோன பிறகு என் தொண்டையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கர்த்தரிடம் சொல்லாத பொய்யை அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காப்பியையும் குடித்துவிட்டேன்.

நியாயத்தீர்ப்பு நாளில் தம்பி தண்டனைக்குரியவர்களோடு இடது பக்கம் நிற்பான், நான் நீதிமான்களோடு வலது பக்கம் நின்று பார்ப்பேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அங்கேயும் எனக்குப் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் போலிருக்கிறது.

படுக்கும் முன் அந்த வரியை இந்த அறைக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். தம்பி பெயரைச் சேர்த்தே ஆரம்பித்தேன். பெயர் வந்தது. அதற்கு மேல் தொண்டை நிஜமாகவே கட்டிக்கொண்டது.