விடுதிக்குத் தண்ணீர் விட்ட வாரம்

திங்கள். விடாத மழை.
துணி எதுவும் காயவில்லை. பக்கத்தில் மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தை வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியாக்குகிறது நகராட்சி. வெள்ளையடித்து, கட்டிலும் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை திறப்பு. தெருவுக்கே கோபம். மீன்காரியிடம் நிற்கும்போது எதிர்வீட்டு ஜமீலா, என்னை அக்கா முறை வைப்பவள்: "பொம்பளப் புள்ளைங்க இருக்குற தெருவுல கண்டவங்களக் கொண்டாந்து வுடுறாங்க லாத்தா." பேருந்து நிலையத்து ஈரத் தரையில் சாக்கு விரித்துப் படுக்கிற செல்வி யாராம்? அவளும் பொம்பளைதான். வாய் வரை வந்தது. சங்கரா மீன் மட்டும் வாங்கினேன்.

செவ்வாய். தூறல்.
விடுதிக்குத் தண்ணீர் லாரி வந்தது. தெருமுனையில் பைக்குகளைக் குறுக்கே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். முன்னால் நின்றது என் நானா, கூடப்பிறந்த அண்ணன். தண்ணீர் இல்லாமல் திறக்க முடியாது என்று விடுதிப் பொறுப்பாளர் அம்மா கையைப் பிசைந்தார். என் வீட்டு போர்வெல்லில் தண்ணீருக்கு என்ன குறை? சுவருக்கு மேல் ஓஸ் குழாயைத் தூக்கிப் போட்டு மோட்டாரைப் போட்டேன். தெரு பார்த்தது. பார்க்கட்டும்.

புதன்.
நானா வந்தார். டீயைத் தொடவில்லை. வாப்பா கட்டிய வீடு, பக்கத்தில் இப்படி ஒன்று வந்தால் நாளைக்கு எவன் வாங்குவான் என்றார்.
"நான் விக்கப் போறதில்ல நானா."
"தெருவப் பகைச்சிக்கிட்டு ஒத்தையா எப்புடி இருப்பே?"
வீட்டுக்காரர் கண்மூடி மவுத்தாகி, மகனும் துபாய் போனபின் ஒத்தையாகத்தானே இருக்கிறேன். நானா போனதும் அழுகை. அழுதுகொண்டே மறுபடி மோட்டார்.

வெள்ளி. வெயில்.
ஜும்ஆ தொழுகை முடிந்து விடுதி வாசலை மறித்து ஆண்கள் கூட்டம். விடுதியில் சேர வந்த செல்வி தெருமுனையிலேயே நின்றுவிட்டாள். திரும்பிப் போகிறேன் என்றாள். அவள் மூட்டையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். எதிரில் நானா. சலாம் சொன்னேன். சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாதே. சொன்னார். கொஞ்சம் நகர்ந்தும் நின்றார். அந்த இடைவெளி போதும், இரண்டு பொம்பளைகள் நுழைய.

ஞாயிறு.
தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. தயிர் புளித்துவிட்டது, மோர்க்குழம்பு.
மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கொல்லைக் கதவில் தட்டல். ஜமீலா. தங்கச்சியைப் புருஷன் வெளியே தள்ளிவிட்டானாம். இவள் வீட்டுக்காரரும் சேர்க்க மாட்டேன் என்கிறாராம். நாகூரில் தர்கா வாசலில் படுக்கிறாளாம் அந்தப் பெண்.
"அங்க எடம் இருக்கா லாத்தா? யாருக்கும் தெரியாம கொல்லப்பக்கமா கூட்டியாந்துடுறேன்."
இருக்கிறது என்றேன்.
"முன்வாசல் வழியாவே வரச் சொல்லு. நான் வந்து நிக்கிறேன்."